சிவப்பு போடாத சாயக்காரர்

சென்னை
9-9-1968

தேவகி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதும் நிலையில் நான் இல்லை. நேரே கேட்கிறேன். நீ அனுப்பிய பூவம்மாள் எங்கே?

நினைவில்லை என்று மட்டும் சொல்லாதே. பட்டு நூலுக்குச் சாயம் போடும் கண்ணாயிரத்தின் மனைவி. மாதவிலக்கு நின்று நாலைந்து வருஷம் ஆன பிறகு மறுபடியும் ரத்தம் படுகிறது என்று நீதான் சந்தேகப்பட்டு என்னிடம் அனுப்பினாய். சரியான சந்தேகம். கர்ப்பப்பைக்குள் புற்று. நான் ரேடியம் வைத்துச் சுட்டேன், எங்கள் சர்ஜன் இளங்கோவன் கர்ப்பப்பையை எடுத்தார். பங்குனியில் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று உட்கார வைத்துச் சொன்னேன். நன்றாகத் தலையை ஆட்டினாள். ஆனியில் வரவில்லை. ஆவணியும் முடியப் போகிறது.

தையல் பிரித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு இங்கே தினமும் மல்லுக்கு நிற்கிறேன். இந்த நோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வரும். தைத்த இடத்தில் சின்னதாக எட்டிப் பார்க்கும்போதே பிடித்துவிட்டால் மறுபடியும் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் ஜெபம்தான் செய்ய வேண்டும். அதே ஊரில் இருக்கும் நீ இதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்து, விடிய விடிய என்னோடு சேர்ந்து படித்தவள்தானே நீ?

வியாழக்கிழமைதான் மறுபரிசோதனை நாள். அவளை அனுப்பு.

கோபம் ஆறாத
லில்லி

சின்ன காஞ்சிபுரம்
14-9-1968

அன்புள்ள லில்லி,

உன் கடிதம் இருந்த சூட்டில் காப்பி போட்டிருக்கலாம்.

பூவம்மாள் வராததற்குக் காரணம் நான்தான். போக வேண்டாம் என்று நானே சொன்னேன். பாதியில் கசக்கிப் போடாமல் முழுவதும் படி.

நீ சொன்ன தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது என் கிளினிக்குக்கு வந்தாள். முகம் பாதியாகியிருந்தது. நான் பயந்தே போனேன். பார்த்தால் உடம்பில் ஒன்றும் இல்லை.

"சோறு எறங்கலமா. அந்த பெஞ்சுல குந்திக்கினு இருந்தா எதிர்ல இருக்கிறவங்க மொகத்தப் பாக்க முடியாது. தையல் பிரிக்கறப்ப, எனக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மா எங்கன்னு கேட்டா அந்த நர்சம்மா பேச்ச மாத்துனாங்க. வீட்ல இருந்தா நான் நல்லாத்தான் இருக்கேன். அங்க போவணும்னு நெனச்சாதான் சீக்கு வருது" என்றாள்.

பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அதுகூடப் பரவாயில்லை. போக வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவள் தினமும் கொஞ்சம் செத்துக்கொண்டிருந்தாள். அதை நீ பார்க்கவில்லை. உன் எதிரில் வந்து நிற்கும்போது எல்லோரும் தலையை ஆட்டத்தான் செய்வார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நெஞ்சில் கை வைத்துச் சொல். இத்தனை வருஷ வியாழக்கிழமைகளில், அந்தப் பெண்ணுக்கே தெரியாத ஒன்றை உன் விரல் முதலில் கண்டுபிடித்தது எத்தனை தடவை? ரத்தம், வலி, கால் வீக்கம் என்று அவர்களே சொல்லிக்கொண்டு வந்ததுதானே அதிகம்? அப்படியானால் ஒன்றும் இல்லாதவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? "ஒரு சொட்டுச் சிவப்புப் பட்டாலும் அன்றைக்கே என்னிடம் ஓடி வா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்குக் குதிரை வண்டியில் வந்துவிடலாம்.

திட்டுவதானால் என்னைத் திட்டு.

உன்
தேவகி

சென்னை
23-9-1968

தேவகி,

உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். அவற்றில் இருந்த வார்த்தைகள் ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதக்கூடியவை அல்ல.

நீ கேட்டதை இளங்கோவனிடமும் கேட்டேன். "லில்லி, நாம தேடிக் கண்டுபிடிச்சதவிட அவங்களா வந்து சொன்னதுதான் அதிகம்" என்றார். எனக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் மறைத்தவர்களும் இருக்கிறார்கள். மருமகளுக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்தவள், திருவிழா முடியட்டும் என்று மறைத்தவள். அவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. மற்ற ஐந்து நாளும் நான் நோயாளிகளை மட்டும்தான் பார்க்கிறேன். பிழைத்தவர்களை நான் பார்ப்பது வியாழக்கிழமை ஒரு நாள்தான். தலையில் பூ வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "இன்னாமா இளைச்சிட்டீங்க" என்று என்னையே விசாரித்துக்கொண்டு வருவார்கள். ரேடியம் வைத்த அறைக்குள் தனியாகக் கிடந்த பெண்ணா இவள் என்று மலைத்துப்போய் நிற்பேன். அவர்களை வர வேண்டாம் என்று சொன்னால் எனக்கு என்ன மிஞ்சும்? இது மருத்துவம் இல்லை என்று நீ சொல்லலாம். இல்லாமலேயே இருக்கட்டும்.

பூவம்மாள் உன் பொறுப்பு. உன் இஷ்டப்படி செய். ஆனால் அவள் சொல்வாள் என்று நீ எப்படி அவ்வளவு நிச்சயமாக இருக்கிறாய்? அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

லில்லி

சின்ன காஞ்சிபுரம்
17-2-1969

லில்லி,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் கண்ணாயிரம். கூட இருப்பது பூவம்மாள். உடனே பார். தைத்த இடத்தில் ஏதோ இருக்கிறது. என் விரலில் தட்டுப்பட்டது.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தை பிறந்ததிலிருந்து முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். கண்ணாயிரம் போடும் அரக்குச் சிவப்புக்கு இந்த ஊரில் தனி மதிப்பு. கல்யாணக் கூறைப் புடவை நெய்கிறவர்கள் நூலை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அவர் செப்பு அண்டாவில் நூலை முக்கி எடுக்க, பூவம்மாள் முறுக்கிப் பிழிந்து கொடியில் போடுவாள். ஒரு மாதமாக அரக்கு, அரக்கு, அரக்குதான். அவள் புடவையில் சிவப்பு, பாவாடையில் சிவப்பு, கால் விரல் இடுக்கில் சிவப்பு. நடுவில் எப்போதோ இதுவும் பட ஆரம்பித்திருக்கிறது. "சாயந்தானேன்னு இருந்துட்டேம்மா" என்கிறாள்.

நேற்று அமாவாசை. அமாவாசையன்று இந்த ஊரில் தறி ஓடாது, சாய அடுப்பும் எரியாது. தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டு எழுந்து திரும்பியபோது கண்ணாயிரம் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்.

"இன்னிக்கு ஏதுடி செவப்பு?" என்று கேட்டாராம்.

படைக்கக்கூட இல்லை. வண்டி பிடித்து இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயக்காரர் பெண்டாட்டியிடம் போய், சிவப்பைப் பார்த்தால் ஓடி வா என்று சொல்லியிருக்கிறேன், லில்லி. எம்.பி.பி.எஸ். படித்து, டி.ஜி.ஓ. படித்து, இருபது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து! நீ என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் அவளைப் பார்.

தேவகி

சென்னை
10-3-1969

அன்புள்ள தேவகி,

மிளகு அளவுதான் இருந்தது. சதை எடுத்துச் சோதித்தோம், அதே புற்றுதான். வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ரேடியம் வைத்து எடுத்தாகிவிட்டது. நாளை மறுநாள் ஊருக்கு வருகிறாள். பிழைப்பாளா என்று கேட்காதே. பிழைக்க எல்லா வழியும் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். அடுத்த அமாவாசை வரை போயிருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

உன்னைத் திட்டி எழுத நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். கண்ணாயிரத்தைப் பார்த்த பிறகு எல்லாம் மறந்துவிட்டது.

முழங்கை வரை சிவந்த கைகளோடு வார்டு வாசலில் நின்றார். நர்ஸ் மேரி சோப்பைக் கொடுத்துக் கழுவிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். "கழுவினா போவாதுமா. எனக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாலருந்து இதான் கலரு" என்றாராம். அந்தக் கைகளைத் துண்டில் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"திரும்பவும் வந்துச்சுன்னா மொதல்ல இன்னா தெரியும்?" என்று கேட்டார்.

"அநேகமாக ரத்தம்தான்" என்றேன்.

"அது பட்ட அன்னிக்கே தெரிஞ்சா நீங்க பாத்துக்குவீங்களா?"

"பார்த்துக்கொள்வேன்."

"அப்ப சரி" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். என்ன சரி என்று எனக்குப் புரியவில்லை. அவர் கும்பிட்ட விதத்தில் நான்தான் ஏதோ வாக்குக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கே வந்தாக வேண்டும். இதில் உன்னோடு வாதம் செய்ய மாட்டேன்.

லில்லி

சின்ன காஞ்சிபுரம்
28-5-1969

அன்புள்ள லில்லி,

நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். உன்னைத் தவிர வேறு யாருக்குச் சொல்வது?

கண்ணாயிரம் சிவப்பு போடுவதை நிறுத்திவிட்டார்.

வைகாசி முகூர்த்தம், லில்லி. ஊரெல்லாம் கூறைப் புடவை. பட்டுக் கடை கைலாசம் முதலியார் நூல் மூட்டையோடு போயிருக்கிறார். பச்சை போடறேன், மஞ்சள் போடறேன், மயில்கழுத்து போடறேன், அரக்கு வேண்டாம் என்றாராம் இவர். முதலியார் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், "அம்மனுக்குச் சாத்துற புடவைய்யா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். "அம்மனுக்குத் தெரியும், நீங்க வேற எடம் பாருங்க" என்று பதில் வந்ததாம். வேண்டுதல் என்கிறார்கள் சிலர். புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள் சிலர். அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. பெண்டாட்டியின் உடம்பைப் பற்றித் தெருவில் எப்படிச் சொல்வார்?

பூவம்மாளைப் பார்க்கும் சாக்கில் நேற்று நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் கொடி கொடியாக நூல் காய்கிறது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ஆனந்தா நீலம். தேடித் தேடிப் பார்த்தேன். ரோஜா நிறம்கூட இல்லை. அரக்குப் போடும் அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வெற்றிலை போடுவதைக்கூட விட்டுவிட்டார். துப்பும்போது தெறித்துவிடுமாம்!

"இன்னாத்துக்கு இதெல்லாம்னு நானும் கேட்டேம்மா. இந்த வீட்டுல செவப்புன்னு ஒண்ணு வந்தா அது உன்னுதா மட்டுந்தான் இருக்கணும், அப்பதான் எனக்குத் தெரியும்ன்றாரு" என்றாள் பூவம்மாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு கூத்து பாத்தீங்களா? மத்த சாயம்லாம் கழுவுனா போயிடுது, அவரு கை வெளுத்துக்கினு வருது. முப்பத்தேழு வருசம் குடும்பம் பண்ணிட்டேன், இவரு கை மாநெறம்னு இப்பதான் எனக்கே தெரியுது."

அவர் அண்டாவில் பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ந்த நூலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். நீயும் நானும் போக வேண்டுமா, வேண்டாமா, அங்கேயா, இங்கேயா என்று அடித்துக்கொண்டோம். இந்த மனிதர் தன் பிழைப்பில் முக்கால் பங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரு யோசனை. அமாவாசைதோறும் என் கிளினிக்கில் மறுபரிசோதனை வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எல்லாருக்கும் லீவு, கூலி போகாது. உன்னிடம் சிகிச்சை எடுத்த மற்றவர்களும் ஓரிக்கையிலிருந்தும் திருப்பருத்திக்குன்றத்திலிருந்தும் வருவார்கள். நான் பார்க்கிறேன். நடுநடுவே நீ பஸ் ஏறி வா. மூன்று மணி நேரம்தான். அந்தப் பெண்கள் உன்னிடம் வரவில்லையா?

உன்
தேவகி

சென்னை
14-8-1969

அன்புள்ள தேவகி,

ஆடிக் காற்றில் பஸ் ஜன்னல் வழியாக வந்த புழுதி இன்னும் என் தலையில் இருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கிளினிக்கில் அந்தப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். என் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இங்கே ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னிவிடுகிறாள்! ஓரிக்கை செல்லியம்மாள், தனக்குக் கால் வீங்குவதை என்னிடம் இரண்டு தடவை மறைத்தவள், பூவம்மாளிடம் பழகிய முதல் நாளே சொல்லியிருக்கிறாள். பூவம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். "காட்டு, அம்மா ஒண்ணும் கடிக்க மாட்டாங்க" என்றாள். நல்ல வேளை, செல்லியம்மாளுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

சாயங்காலம் நீ என்னைக் கண்ணாயிரம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாயே. கொடியெல்லாம் பச்சையும் மஞ்சளும் நீலமும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கவிழ்ந்து கிடந்த அந்த அண்டாவைப் பார்த்ததும் கோயிலில் நிற்கிற மாதிரி செருப்பைக் கழற்றத் தோன்றியது. கழற்றியும்விட்டேன். நீ கவனிக்கவில்லை.

இன்று இங்கே டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "ஒரு சாயக்காரர் செய்தார் என்பதற்காக மருத்துவ முறையை மாற்ற முடியுமா?" என்று ஒருவர் கேட்டார். மாற்ற முடியாது, அதுவும் சரிதான். "வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பதால் யாருக்கு லாபம்?" என்றார் இன்னொருவர்.  கடைசியில் இளங்கோவன், "நான் வெட்டி எடுக்கறேன், லில்லி சுட்டு எடுக்கறா, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணோட யாரு இருக்காங்கன்னு நான் கேட்டதே இல்ல" என்றார். 

அமாவாசைக் கிளினிக் தொடரட்டும், நான் சம்மதம். உன்னிடம் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே. நாம் இரண்டு பேருமே அவரிடம் தோற்றோம்.

லில்லி

சென்னை
15-3-1974

அன்புள்ள தேவகி,

இந்த மாதத்தோடு பூவம்மாளுக்கு இரண்டாவது ரேடியம் வைத்து ஐந்து வருஷம் முடிகிறது. வரும் அமாவாசைக்கு என்னால் வர முடியாது, கதிர் வைத்தியத்துக்கான புது கோபால்ட் இயந்திரத்தைப் பொருத்த ஆட்கள் வருகிறார்கள். நீயே நன்றாகப் பார். ஒன்றும் இல்லையென்றால், இனி வர வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லி அவளிடம் சொல்லிவிடு. பயப்பட வேண்டிய காலத்தை அவள் தாண்டிவிட்டாள்.

இந்த வரியை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன். வயசாகிவிட்டது போலிருக்கிறது.

லில்லி

சின்ன காஞ்சிபுரம்
25-3-1974

அன்புள்ள லில்லி,

முந்தாநாள் அமாவாசை. பூவம்மாளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு முறை பார்த்தேன், ஒன்றுமே இல்லை. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். கண்ணாயிரம் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டு, "இனி வர வேண்டாம் என்று லில்லி டாக்டர் சொல்லிவிட்டார்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "அப்ப போடலாமா?" என்று கேட்டார். அவளிடம்தான் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். உன்னிடம் ஆட்டிய மாதிரி இல்லை, நிஜமாகவே ஆட்டினாள்.  ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவருக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. பூவம்மாள் இறங்கி ஓட்டமும் நடையுமாக வருகிறாள். புடவையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. முந்தானை சிவப்பு. கால் சிவப்பு. சாவி என் கையிலிருந்து விழுந்துவிட்டது, லில்லி. ஐந்து வருஷமும் அந்த ஒரு நொடியில் கரைந்து போய்விட்டது.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை அரக்குச் சிவப்பு.

"சாயம்மா! சாயந்தான்! நேத்தோட அமாவாசை முடிஞ்சிடுச்சே!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. "மொதல் நூல் கழிய நீயே முக்குன்னுட்டாரு. உங்களாண்ட காட்டிட்டுப் போலாம்னு அப்படியே வந்துட்டேன்."

சிரிப்பு சிரிப்பாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.  ஆனாலும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கை பட்டு என் வெள்ளைப் புடவை கறையாகிவிடும் என்று கைகளை எட்ட நீட்டி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"இனிமே வர வேணாம்னு லில்லியம்மா சொல்லிட்டாங்கதான். எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றாள். "ஆனா உங்க ரெண்டு பேருக்கும் பயமா இருந்தா சொல்லுங்க, அமாவாசைக்கு அமாவாசை வந்து காட்டிட்டுப் போறேன்."

வரச் சொல்லிவிட்டேன்.

உன்
தேவகி